முதல் பக்கம் இல்லாத புத்தகமும் பதினோராம் நம்பர் காடும்

1

பிற்பகல் மூன்றே கால் மணி. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில், என் பள்ளிக்காலத் தோழி தவமணியின் வீட்டில், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவும் அதன் மேல்விளிம்பில் சில்வர் ஓக் மரங்களும் தெரிந்தன. கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். மரங்களைக் காணவில்லை. சரிவையும் காணவில்லை. மேகம் இறங்கி ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. "சும்மா ஒரு வாக் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போயிருந்தாள். கைபேசியில் அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவுசெய்த குரல் சொன்னது.

தவமணி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "மழைக்கோட்டு போட்டுட்டுப் போச்சா புள்ள?"

"இல்ல."

"எந்தப் பக்கம் போச்சு?"

"தெரியலியே தவம்."

அவள் முகம் மாறியது. தவமணி லேசில் முகம் மாறுகிறவள் அல்ல. "காலையில காட்டெருமைக் கூட்டமொன்னு ஓடப்பக்கம் நின்னுச்சு" என்றாள்.

இதை இங்கிலாந்தில், ஷெஃபீல்டில், என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆகஸ்ட் விடுமுறை முடிந்து திரும்பிவிட்டோம். இனியா பள்ளிக்குப் போகிறாள். நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வழக்கம்போல் வேலை பார்க்கிறேன். ஆனால் காலையில் பேருந்து நிறுத்தத்தில் கொஞ்சம் மூடுபனி இருந்தால் போதும், கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது. "வகுப்பில் இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் பதில் வருகிறது. அதற்குப் பிறகுதான் பேருந்தில் ஏறுகிறேன்.

2

நான் சேர்க்கும் புத்தகங்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்று நடந்தது விளங்காது.

எண்பதுகளில் ஆங்கிலத்தில் ஒருவகைச் சிறுவர் புத்தகங்கள் நிறைய வந்தன. பூதம், மந்திரவாதி, கோட்டை என்று கதை நடக்கும். ஆனால் நாயகன் நீங்கள்தான். கதை சின்னச் சின்னப் பத்திகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணோடு இருக்கும். பத்தியின் அடியில் வழி பிரியும். சண்டை போடுவதானால் இந்த எண்ணுக்குப் போ, ஓடுவதானால் அந்த எண்ணுக்குப் போ. பகடை உருட்டி ஜெயிக்க வேண்டும். தப்பான வழியில் போனால் செத்துப்போவீர்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

சனிக்கிழமை காலைகளில் பழைய பொருள் கடைகளிலும் தேவாலயக் கூடங்களில் நடக்கும் விற்பனைகளிலும் இந்தப் புத்தகங்களைத் தேடுவது என் வழக்கம். வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு நிறைந்துவிட்டது. என் கணவர் செந்தில் அவற்றுக்குப் 'பேய் அலமாரி' என்று பேர் வைத்திருக்கிறார். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பென்சிலில் எழுதிய உயிர்க்கணக்கு ஓரங்களில் இருக்கும். பல பக்கங்களில் மூலை மடிந்திருக்கும். செத்துப்போனால் திரும்பி வருவதற்காக முந்தைய பக்கத்தில் அடையாளம் வைத்த மடிப்பு அது. உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் இந்த விளையாட்டில் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்கையில் எனக்கு மனம் லேசாகும்.

உண்மையில் நான் தேடியது ஒரே ஒரு புத்தகத்தை. அதன் பெயர் எனக்குத் தெரியாது. எழுதியவர் யாரென்றும் தெரியாது. சிறுவயதில் எங்களிடம் இருந்த பிரதிக்கு அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லை. பாலத்தில் இரும்பு முகம் வைத்த காவல்காரன் நிற்பான், எங்கோ ஒரு கிழவன் செத்த கோழிக்கு உப்புத் தடவிக்கொண்டிருப்பான் என்று கடைக்காரர்களிடம் சொல்வேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

போன குளிர்காலத்தில், ஒரு தேவாலயக் கூடத்தில், துண்டுகள் குறைந்த ஜிக்சா புதிர்ப் பெட்டிகளுக்கு அடியில் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பாலம் இருந்தது. இரும்பு முகம் இருந்தது. நின்றபடியே கோழியைத் தேடிப்போய்க் கண்டுபிடித்தேன். விற்பனைக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தவமணியிடம் காட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

3

எங்கள் சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். அப்பா, தவமணி இப்போது இருக்கும் அதே எஸ்டேட்டின் ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். தவமணியின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு அங்கே குடியேறியது. அவள் அம்மா கொழுந்தெடுத்தார். எனக்கும் தவமணிக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. ஃபேக்டரி வாரத்தில் சில நாள் ஓடியது, பிறகு அதுவும் குறைந்தது. இலையை உருட்டும் ரோலர் ஓடும் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய எங்களுக்கு, அது நின்ற பிறகு தூக்கம் வர நாளாயிற்று. அப்பா தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய், உட்கார்ந்துவிட்டு வருவார். கொழுந்து எடுக்காமல் விட்ட காடுகளில் செடி ஆள் உயரத்தைத் தாண்டியது. தேயிலை மரமாகும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஒருநாள் அப்பா குன்னூர் கீழ்ப்பஜாரில் பழைய பேப்பர் கடையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஊட்டியில் தங்கிப் படிக்கும் யாரோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்து போகும்போது போட்டுவிட்டுப் போனதாக இருக்கும். "இங்கிலீசு நல்லா வரும் கண்ணு, தெனமும் ஒரு பக்கம் படி" என்றார். விளையாடும் விதம் எழுதியிருந்த பக்கங்கள் கிழிந்துபோயிருந்ததால், அதைப் பாடப் புத்தகம்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் படித்தோம். ஒன்றில் நாயகன் பாலத்தில் நின்றான். இரண்டில் கிழவன் கோழிக்கு உப்புத் தடவினான். மூன்றில் நாயகன் கழுத்து முறிந்து செத்தான். நான்கில் அவனே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்.

"செத்தவன் எப்பிடிடீ ஏணி ஏறுவான்?" என்றாள் தவமணி.

நான் அப்பாவிடம் போனேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அகராதியும் கையுமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். "அவிய எழுதறதே இப்படித்தான் போலிருக்குது கண்ணு. செத்துச் செத்துப் பொழைக்கிறான். ஆளு கெட்டிக்காரன்" என்றார். அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, ஒரு பருவம் முழுக்க அந்த மனிதனைச் சாகவும் பிழைக்கவும் விட்டு, பாதிப் புத்தகம் தாண்டிவிட்டோம்.

விடுமுறையில் ஒரு காலை தவமணியின் அம்மாவோடு பெரட்டுக்குப் போயிருந்தோம். வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குத்தான் அங்கே பெரட்டு என்று பெயர். எஸ்டேட்டில் ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும், ஒரு நம்பர் உண்டு. மொத்தம் இருபத்திரண்டு. ஓரத்தில் வெள்ளையடித்த கல்லில் நம்பர் எழுதி நட்டிருப்பார்கள். சூப்பர்வைசர் கூவிக்கொண்டிருந்தார்: "நீங்க எல்லாம் ஆறாம் நம்பர். நீங்க நாலு பேரு பதினேழுக்குப் போங்க."

தவமணி என் கையைக் கிள்ளினாள். "ஏய் கோகி! பத்திக்கு அடியில நம்பர் போட்டிருக்குமே, அங்க போ இங்க போன்னு. அது பெரட்டுடீ! ஒன்னு முடிஞ்சா ரெண்டுன்னு யாரு போறா? சொன்ன நம்பருக்குத்தானே போகணும்!"

இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடினோம். அன்று மாலைக்குள் நாயகன் முறையாக ஒரே ஒரு தடவை செத்தான்.

அதன் பிறகு புத்தகத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனோம். புத்தகத்தில் நானூறு எண்கள், எங்களிடம் இருபத்திரண்டு காடுகள். அதற்குத் தவமணி வழி சொன்னாள். எண்களைக் கூட்டிக்கொள்வது. நூற்று ஐம்பத்தெட்டு என்றால் ஒன்றும் ஐந்தும் எட்டும் பதினாலு. பதினாலாம் நம்பருக்கு ஓடு. அங்கே போய்த்தான் அடுத்த பத்தியைப் படிக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத, தலைக்கு மேல் வளர்ந்த தேயிலைக்குள், பெரியவர்கள் ஊரைவிட்டுப் போவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்த அதே மாதங்களில், நாங்கள் இரும்பு முகக்காரனோடு மோதிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு அது எவ்வளவு கெட்ட காலம் என்று இப்போது தெரிகிறது. எனக்கு அது கெட்ட காலமாக இல்லாமல் போனதற்கு யாருக்கு நன்றி சொல்வது? புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போன முகம் தெரியாத பிள்ளைக்குத்தான்.

பிறகு ஃபேக்டரியை மூடினார்கள். நாங்கள் கோயம்புத்தூருக்கு இறங்கினோம். புத்தகத்தைத் தவமணியிடம் விட்டு வந்தேன். அவர்கள் வேலை தேடித் திருப்பூருக்குப் போனபோது அது எங்கோ தொலைந்தது. புதிய முதலாளி எஸ்டேட்டை வாங்கிய பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். தவமணி இப்போது அங்கே பிள்ளை மடுவத்தில் வேலை பார்க்கிறாள். வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இலங்கையிலிருந்து அவர்கள் கொண்டுவந்த பெயர் அது.

4

இந்தப் பயணத்துக்கே ஒரு தனிக் கதை உண்டு. இனியாவின் வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் புதுப்பிக்க அனுப்பிய புகைப்படம் மூன்று தடவை திரும்பி வந்தது. ஒரு தடவை காது தெரியவில்லை, ஒரு தடவை நிழல், ஒரு தடவை காரணமே இல்லை. "அவங்களுக்கு நான் வர்றது பிடிக்கல போல" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் இனியா. அவளுக்கும் வரப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வருஷமாகவே அவள் என்னிடமிருந்து நகர்ந்துகொண்டிருந்தாள். என்ன கேட்டாலும் தோளை உயர்த்துவாள். தமிழ் அவளிடம் சமையலறைத் தேவைக்கு மட்டும் மிச்சமிருந்தது, அதிலும் "நான் பசிக்கிறேன்" என்பாள். திருத்தினால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். ஏன் திருத்தினோம் என்றாகிவிடும்.

விமானத்தில் அவளிடம் பெரட்டுக் கதையையும் எண்களைக் கூட்டும் கதையையும் சொன்னேன். காதில் ஒலிப்பானோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

புத்தகத்தைக் கையில் வாங்கிய தவமணி முதலில் செய்தது என்ன தெரியுமா? அட்டையைத் தடவிப் பார்த்தாள். "இதுக்குத் தலையெல்லாம் இருந்துச்சாடீ!" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. இனியா அப்போது ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். மறுபடி கைபேசிக்குள் போய்விட்டாள்.

5

மேகம் இறங்கிய அந்தப் பிற்பகலில் தவமணிதான் கவனித்தாள். "கோகி, மேசையில பகடை இருக்கு. பொஸ்தகம் எங்க?"

புத்தகம் இல்லை. அப்படியென்றால் கேட்டிருக்கிறாள். விமானத்தில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷமும் அந்தப் பயமும் எனக்கு ஒன்றாக வந்தன.

தவமணி சொல்லியனுப்பி எஸ்டேட் வாட்ச்மேன் போஜண்ணன் வந்தார். இனியா புத்தகத்தோடு காட்டு நம்பரைத் தேடிப் போயிருப்பதை அவள் அவரிடம் சொன்னாள். பக்கத்து ஹட்டிக்காரர்; படகர் இன மக்களின் ஊருக்கு அங்கே ஹட்டி என்று பெயர். பிறந்ததிலிருந்து இந்த மலையில் நடப்பவர். அவருக்குப் பின்னால் தவமணியின் வீட்டுக்காரரும் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து சில ஆண்களும் டார்ச் விளக்கோடு நின்றார்கள். யாருக்கும் என்னைத் தெரியாது. வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"பதறாதீங்கம்மா" என்றார் போஜண்ணன். "மேகத்துல சும்மா தேடுனா நாமளும் தொலைஞ்சிருவோம். பாப்பா எந்த நம்பருக்குப் போயிருக்கும்னு சொல்லுங்க, நேரா அங்க போறோம்."

அதைச் சொல்ல உலகத்தில் என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது என்றுதான் நினைத்தேன். அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம். முதல் பத்தியில் பாலம். மூன்று வழி. காவல்காரனோடு சண்டை போட்டால் நூற்று ஐம்பத்தெட்டு. அது மேட்டில், சோலைக்காட்டை ஒட்டிய பதினாலாம் நம்பர். அவனிடம் பேச்சுக் கொடுத்தால் நாற்பத்து மூன்று. அது ரோட்டோரத்து ஏழாம் நம்பர். பாலத்துக்கு அடியில் இறங்கி ஆற்றைக் கடந்தால் இருநூற்றுத் தொண்ணூறு. அது ஓடைப் பள்ளத்தில் பதினோராம் நம்பர். சின்ன வயதில் நான் எப்போதும் பேசித்தான் பார்ப்பேன். தவமணி எப்போதும் வாளை உருவுவாள்.

"பதினாலு" என்றேன். "அவ சண்டக்காரி."

தவமணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வீட்டுல தெனமும் சண்டைதான் தவம். எனக்குத் தெரியாதா?"

அவர்கள் பதினாலுக்கு ஏறினார்கள். மேட்டிலிருந்து "பாப்பா, பாப்பா" என்று குரல் கேட்டது. பிறகு குரல் சிறுத்துக்கொண்டே போனது. வாசலில் தவமணியும் நானும் நின்றோம். எதிரில் இருந்த தண்ணீர்க் குழாய்கூடத் தெரியவில்லை. அவர்கள் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. போஜண்ணனின் கம்பளிக் குல்லாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலையை அசைத்தார்.

"வேற நம்பர் சொல்லுங்கம்மா."

என்னிடம் சண்டை போடுகிறவள் வேறொருவரிடம் என்ன செய்வாள்? தனியாக இருக்கும்போது எந்தப் பக்கம் திரும்புவாள்? பள்ளியில் அவள் யார் பக்கத்தில் உட்கார்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. நானூறு பத்தியும் தெரிந்த எனக்கு என் மகள் முதல் பத்தியில் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியலீங்க" என்று சொன்னேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

போஜண்ணன் ஆட்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு கூட்டம் ஏழுக்கு, ஒரு கூட்டம் பதினொன்றுக்கு. ஏழுக்குப் போனவர்கள் சீக்கிரம் வெறுங்கையோடு வந்தார்கள். பதினொன்றுக்குப் போனவர்கள் பாதியில் திரும்பினார்கள். இறங்கும் பாதையில் காட்டெருமைகள் குறுக்கே நிற்கின்றன, நகரும்வரை அந்த வழியாக யாரும் இறங்க முடியாது என்றார்கள்.

"வெரட்ட முடியாதாண்ணே?" என்றாள் தவமணி.

"வெரட்டுனா எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாதும்மா. பாப்பா அந்தப் பக்கம் இருந்தா?" என்றார் அவர். கீழ் ரோட்டைச் சுற்றிப் போகச் சொல்லி டிராக்டர்க்காரருக்குப் போன் போட முயன்றார். லைன் கிடைக்கவில்லை. உடனே தன் சொந்த மருமகனைப் பைக்கில் அனுப்பினார்.

தவமணி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்த நேரத்தில் இவள் ஏன் சமைக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அங்கிருந்தபடியே சத்தமாகச் சொன்னாள்: "பசியோட வரும்டீ. வந்தோடனே ஏதாவது குடுக்கணும்ல."

வரும் என்று அன்று உறுதியாகச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள். பெயர் கேட்கத் தோன்றவில்லை. பெயர் தெரியாத அவளைத்தான் இங்கே உட்கார்ந்து அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

6

இருட்டத் தொடங்கும் முன் கொழுந்து ஏற்றும் டிராக்டர் சத்தம் கேட்டது. போஜண்ணனின் மருமகன் பைக்கில் விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். டிரெய்லரில் கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று இனியா.

மூட்டை மேலிருந்து குதித்து வந்தாள். முடியெல்லாம் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. நான் அவளை அடிக்கவா கட்டிக்கொள்ளவா என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஸாரி அம்மா, ஸாரி" என்றாள். உடனே திரும்பி, "அவங்களுக்குக் கால்ல அடி. மெதுவா இறக்குங்க" என்று டிராக்டர்க்காரரிடம் சொன்னாள்.

தவமணியின் வீட்டுக்காரரும் இன்னொருவரும் ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். இருபது வயதுகூட இருக்காது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, பெயர் சீதாமுனி என்று தவமணி சொன்னாள். இப்போது எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் பாதிப்பேர் அங்கிருந்து வந்தவர்கள். மேகம் இறங்கியபோது மற்ற பெண்கள் எடைபோட மேலே ஏறிவிட்டார்கள். இவள் பின்தங்கி, பதினோராம் நம்பரில் தண்ணீர் போகும் கானுக்குள் வழுக்கி விழுந்து, கால் வீங்கி எழ முடியாமல் கிடந்திருக்கிறாள். கூட்டத்தில் ஆள் குறைவதை யாரும் கவனிக்கவில்லை.

"இவ்வளவு நேரம் அங்க என்ன பண்ணினே?" என்று இனியாவிடம் கேட்டேன். "மேகம் வந்தா ஓடி வந்திருக்கலாம்ல? கீழ் ரோட்டுக்குப் போற பாதை திறந்துதானே இருந்துச்சு?"

இனியா தோளைத்தான் உயர்த்தினாள்.

சீதாமுனி பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். தவமணி அவள் காலை மடியில் எடுத்துவைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் கேட்டது அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்க வேண்டும். கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அம்மா, பாப்பாவத் திட்டாதே. பெரிய மாடு நின்னுச்சு. நான் அழுதுச்சு. பாப்பா என் கையப் புடிச்சு உக்காந்துச்சு. போ, போன்னு நான் நெறைய சொன்னேன். பாப்பா போகல."